கோடரியின் வாய்

இரும்புக் கருவியின் வெட்டும் விளிம்பைத் தமிழர் வாய் என்றனர். வாளுக்கும் அரிவாளுக்கும் கோடரிக்கும் அதுவே பெயர்.  உண்ணும் வாயிற் பல் தேய்வது போல வெட்டும் வாயும் நாள்தோறும் தேயும். தேய்ந்த வாயை மீண்டும் ஆக்கிக்கொள்ளுந் தொழில் மக்களின் வாழ்க்கை வரலாற்றில் எத்துணை இடம் பெற்றது என்பதை வரலாற்று நூலார் பெரும்பாலும் எண்ணிப் பார்த்திலர். இரும்பை முதன்முதல் உருக்கினோர் யாவர், எந்நூற்றாண்டில் உருக்கினர் என்னும் வினாக்கள் பற்றி நூல்கள் பல உள. ஒரு முறை வடித்த கோடரியைத் தந்தை காலத்திலிருந்து மகன் காலம் வரை உழைக்கச் செய்தவன் எவன் என்று கேட்டோர் சிலரே. காடு கொன்று நாடாக்கிய ஓர் ஊரை எடுத்துக்கொண்டால் இவ்வினாவின் அருமை விளங்கும்.

அத்தகைய ஊர்களுள் ஒன்று பழுகாமம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கதிரவன் படுந் திசையில் அமைந்தமையாற் படுவான்கரை எனப்படும் நிலப்பரப்பில், போரதீவுப்பற்றில் இவ்வூர் உள்ளது. கிழக்கே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல்நிலம் எழுவான்கரை. எழுவான்கரையிலிருந்து பழுகாமம் செல்வோர் பட்டிருப்பில் வாவியைக் கடப்பர். மட்டக்களப்பின் பழைய ஆட்சிப் பிரிவுகளுள் ஒன்றன் பெயராகவும் பழுகாமம் விளங்கியது. திரௌபதை அம்மன் ஆலயத்தாலும் அங்கு நிகழுந் தீமிதிப்பினாலும் இன்று பலரும் அறிந்த ஊர் அது. பாண்டவர் வனம் புக்க கதையை ஆண்டுதோறும் சடங்காக நிகழ்த்தும் ஊர், தானும் ஒரு காலத்தில் வனத்தின் விளிம்பில் நின்ற ஊரே.

காமம் என்னும் ஈறு கதிர்காமத்திற் போல ஊரைக் குறிப்பது. முன்னின்ற சொல்லைச் சிங்களப் ‘பலு’ என்பதனோடு ஒப்பிட்டுப் பாலை மரஞ் செறிந்த ஊர் எனப் பொருள் கொள்ளவும் இடமுண்டு. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு பெயர்க்காரணந் துணிவது ஆராய்ச்சி நெறியன்று. எனினும் அக்காட்டிற் பாலை மிகுந்திருந்தது என்பதில் ஐயமில்லை. பாலையின் வயிரம் நீரில் இட்டால் மிதவாது, அமிழும். முதிரையும் வீரையும் கருங்காலியும் அதனோடு ஒப்ப வன்மையுடையன. இம்மரங்களை வெட்டி வயலும் சேனையுங் கண்டோர்க்கு நல்ல கோடரியினும் இன்றியமையாதது அதன் வாயை மாலைதோறும் தீட்டவும் பருவந்தோறும் புதுக்கவுங் கூடிய ஏற்பாடு. பாலை வயிரத்திற் காலை முதல் உச்சி வரை வெட்டிய கோடரி மாலையில் அதே வேலைக்கு உதவாது.

படுவான்கரையின் பெருங்கோயிலாகிய கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்தின் தோற்றக் கதையே ஒரு வெட்டிலிருந்து தொடங்குகின்றது. திடகன் என்னும் வேடன் காட்டிற் கொக்கட்டி மரத்தை வெட்டினான். வெட்டுவாயிற் குருதி பெருகிற்று. அஞ்சிய வேடன் தன் ஆடையாற் காயத்தை மூடிவிட்டு ஊராருக்கு உரைத்தான். வந்து நோக்கியவர் ஆங்குச் சிவலிங்கங் கண்டனர் என்பது கதை. தமிழகத்திலும் இதனை ஒத்த கதைகள் உள. திருப்பாசூரில் மூங்கிற் புதரை வெட்டியபோது வாசி என்னுங் கருவி இறைவன் திருமேனியில் தைத்தது என்பர். திருநெல்வேலியிலும் கோடரி பட்ட வடு இலிங்கத்தில் உண்டென்பது மரபு. இக்கதைகளை வெறுங் கட்டுக்கதை எனத் தள்ளுவோர் உளர். காட்டை வெட்டிக் குடியேறிய மக்கள் தம் முதல் வெட்டை மறவாது, அதனாற் பட்ட காயத்தையும் மறவாது, இரண்டையும் ஒருங்கே கோயிலில் வைத்துப் போற்றினர் என்று கொள்ளுதலே பொருத்தமுடையது. சைவர்க்குக் கோடரி அயலான பொருளன்று. சிவபிரான் கையில் மழுவுண்டு. எறிபத்த நாயனார் மழு ஏந்தியே அடியார்க்கு இடர் செய்தோரைத் தண்டித்தார். சண்டேசுர நாயனார் எடுத்த கோல் மழுவாயிற்று எனப் பெரிய புராணங் கூறும்.

கோடரியைக் குறிக்கச் சங்கச் சான்றோர் வழங்கிய சொற்களுள் நவியம் என்பதும் ஒன்று. புறநானூற்றின் 36ஆம் பாட்டில் ஆலத்தூர் கிழார் அதனைப் பாடுகின்றார். கிள்ளிவளவன் கருவூரை முற்றியிருந்தான். அவன் படைஞர் ஊர்ப் புறத்துக் காவல்மரங்களை வீழ்த்தினர். அவ்வோசை உள்ளிருந்த மன்னனின் மனை வரை கேட்டது. அப்போதும் அவன் வெளிவரவில்லை. போர்ச்செய்தி நிற்க, புலவர் கருவியை விவரித்த வகையே ஈண்டு நோக்கற்பாலது. வலிய கையினனாகிய கொல்லன் அரத்தால் அராவி அழகிதாக ஆக்கிய வாய், நீண்ட காம்பு என்னும் இரண்டையும் அவர் கூறுகின்றார். வாய் அரத்தால் ஆக்கப்பட்டது என்பதனால் உலையில் அடித்து வடித்தபின் அராவிக் கூர் செய்யும் முறை ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்தில் நிலைபெற்றிருந்தமை போதரும். வள்ளுவரும் 567, 888, 997 ஆகிய குறள்களில் அரத்தை உவமையாக எடுத்தாள்கின்றார். இரும்பைத் தின்னும் இரும்பு அது ஆதலின் புலவர் கண்ணுக்கு அது தப்பவில்லை.

பிற சான்றுகளும் உள. புறநானூற்று 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலங்கள் மாலை சூட்டிய நிலையிற் காவலுடன் இருப்பதையும், அதியமானின் படைக்கலங்கள் பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடப்பதையும் ஒப்பிடுகின்றார். உழைத்த கருவி எப்போதும் கொல்லனிடத்தே இருக்கும் என்னும் உண்மை அப்புகழ்ச்சிக்கு அடிநிலை. அந்நூலின் 21ஆம் பாட்டில் ஐயூர் மூலங்கிழார், பகைவன் இழந்த கானப்பேர் அரணை மீட்பது காய்ந்த இரும்பு உண்ட நீரை மீட்பதினும் அரிது என்கின்றார். உலையருகில் நின்று தோய்ச்சலைக் கண்டவர்க்கே இவ்வுவமை தோன்றும். குறுந்தொகை 172இல், ஏழு ஊர்களின் பொது வேலைக்கு ஓரூரில் அமைந்த உலையின் துருத்தி ஓய்வின்றி உழல்வதைக் கச்சிப்பேட்டு நன்னாகையார் தன் நெஞ்சின் துயருக்கு உவமையாக்கினார். பாடியவரின் கருத்துத் துயரைப் பற்றியது. ஆயினும் பொருளியல் வரலாறு எழுதுவோர்க்கு அது பெருஞ் சான்று: ஒவ்வோர் ஊரிலும் உலை இருந்ததில்லை, சில ஊர்கள் கூடி ஓர் உலையைத் தாங்கின.

இரும்பின் பழைமை பற்றி அண்மையில் வந்த செய்திகளை மாணவர் அறிந்திருப்பர். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் இரீ நடத்திய அகழ்வில் இரும்புக் கருவிகள் பல கிடைத்தன. 2025 சனவரியில் தமிழ்நாட்டுத் தொல்லியற்றுறை வெளியிட்ட அறிக்கை சிவகளையிற் பெற்ற காலக்கணிப்புகளைக் கொண்டு இரும்பின் பயன்பாட்டைக் கி. மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை கொண்டு சென்றது. அதனை ஏற்போரும் மேலுஞ் சான்று வேண்டுவோரும் உளர். இலங்கையில் அநுராதபுர அகழ்வுகள் இரும்பைக் கி. மு. 900 அளவிற் காட்டுகின்றன. மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபாலுள்ள கதிரவெளியிற் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் உள. பெருங்கற்கால மக்கள் இரும்பை நன்கறிந்தோர்.

இலங்கை இரும்பு புகழ் பெற்றது வெறும் ஊர்ப்பெருமையன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு அறிஞர் அல் கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலிற் சரந்தீபத்து வாள்களைத் தனி வகையாகக் குறித்தார். சரந்தீபம் என்றது இலங்கையை. சமனலவாவிப் பகுதியில் மலைச்சரிவின் மேற்குமுகத்தில் வரிசையாக அமைந்த உலைகளைக் கில் யூலெவ் என்னும் அம்மையார் ஆராய்ந்து 1996இல் முடிவுகளை வெளியிட்டார். துருத்தியின்றித் தென்மேற்குப் பருவக்காற்றே அவ்வுலைகளை ஊதிற்று என்பதும், அவற்றின் காலம் ஏழாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை என்பதும் அவர் நிறுவியவை. அவ்வுலைகள் ஓய்ந்து நூற்றாண்டுகள் கடந்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கனிப்பொருள் ஆய்வுப் பணியில் இருந்த ஆனந்த குமாரசுவாமி அவர்கள் பலாங்கொடைப் பகுதியில் இரும்பும் உருக்கும் ஆக்கும் முறைகளை நேரிற் கண்டு 1908இல் வெளிவந்த தம் நூலிற் பதிவு செய்தார். அப்போதே அக்கலையறிந்தோர் மிகச் சிலராக அருகியிருந்தனர். கப்பலில் வந்த மலிந்த இரும்பு மலைநாட்டு உலைகளை அவித்துவிட்டது.

உலை அவிந்தது, கொல்லன் அவியவில்லை. பல நூல்களில் இவ்வேறுபாடு தெளிவுபெறாமையால் இலங்கையின் இரும்புத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்ததாக மாணவர் கருதுகின்றனர். முடிந்தது மண்ணிலிருந்து இரும்பெடுக்குந் தொழில். எடுத்த இரும்பை மீண்டும் மீண்டும் உயிர்ப்பிக்குந் தொழில் ஊர்தோறும் தொடர்ந்தது. மாட்டுவண்டிப் பட்டமும் கப்பலில் வந்த பாளமும், பின்னர் லொறியின் தேய்ந்த வில்தகடும் அவனுக்கு மூலப்பொருளாயின. வில்தகட்டின் உருக்கில் நூற்றுக்கு அரை முதல் ஏறத்தாழ 0.6 பங்கு வரை காபன் உண்டு. கூர் தாங்குவதற்கு அவ்வளவு காபன் போதும்.

இனி வாய் தேயும் வகையை நோக்குவோம். கோடரித்தலை ஓர் ஆப்பு. காம்பு நுழையுந் துளைப்பக்கம் தடித்தும் வாய்ப்பக்கம் மெலிந்தும் இருக்கும். தீட்டுந்தோறும் வாயின் இரும்பு சிறிது குறையும். குறையக் குறைய வாய் ஆப்பின் தடித்த பகுதியை நோக்கிப் பின்வாங்கும். ஆகவே பத்தாண்டு உழைத்த கோடரி கூராக இருப்பினும் முன்போல் வெட்டாது. மரத்திற் புகாது தெறிக்கும். ஊரார் இதனை அறியாது வாயை மேலும் மேலும் தீட்டுவர். குற்றம் வாயில் இல்லை, வாய்க்குப் பின்னுள்ள கன்னத்தில் உள்ளது. கோடரி ஒருபால் தேய்வதும் உண்டு. வெட்டுவோன் கைக்குத் தொலைவான முனையே தவறிய வீச்சில் நிலத்திலுங் கல்லிலும் முதலிற் படும். அம்முனை உருண்டு வட்டங் குலையும். பழங் கோடரி ஒன்றைக் கையில் எடுத்து எம்முனை தேய்ந்துள்ளது என நோக்கின், அது கையாளப்பட்ட முறையைப் பெரும்பாலும் உணரலாம்.

தேய்ந்த வாயைத் திருத்தப் புகும் கொல்லன் முதலில் அறிய வேண்டுவது வாயில் உருக்கு இன்னும் எஞ்சியுள்ளதா என்பதே. பழைய கோடரிகள் முழுவதும் உருக்கினால் ஆனவையல்ல. உருக்கு அரிய பொருள். உடல் மெல்லிரும்பு, வாயில் மட்டும் உருக்கு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். இதனை அறியும் வழி எளிது. அரத்தை வாயில் மெல்ல ஓட்டினால் தோய்ந்த உருக்கின்மேல் அது வழுக்கும், மெல்லிரும்பிற் கடிக்கும். வேறோர் அடையாளமும் உண்டு. உருக்கு வாய் கல்லிற் பட்டால் ஒடியும். உருக்குத் தீர்ந்த வாய் மடியும். ஒடிந்த வாயைக் கண்டு வருந்தும் உழவன் மடிந்த வாயைக் கண்டே அதிகம் வருந்த வேண்டும்.

உருக்கு எஞ்சியிருப்பின் உலை வேண்டுவதில்லை. கன்னங்களை இருபுறமும் அராவி மெலிவித்து, குலைந்த முனைக்கு ஒப்ப மறுமுனையையும் சற்றே குறைத்து, வாய் முழுவதையும் ஒரே வளைவாக்கி, அதன்பின் நீர் தெளித்த கல்லில் தீட்டினாற் போதும். வாயின் இரு சரிவும் கூடுமிடத்தில் ஏறத்தாழ 25 முதல் 30 பாகைக் கோணம் அமைதல் நன்று. அதினும் மெலிந்தால் வயிரமரத்தில் ஒடியும். தடித்தால் மரத்திற் புகாது. தட்டையாக அராவாமல் மெல்லிய குவிவு விடுவது கைத்திறனுடையோர் வழக்கம். குவிந்த கன்னம் மரத்திற் சிக்காது சிராயை வெளியே தள்ளும். சாணையைப் பற்றி ஒரு சொல். தமிழர் குருந்தக்கல்லைப் பொடித்து அரக்கோடு சேர்த்துச் சாணை வார்த்தனர். ஆங்கிலேயர் வழங்கும் கொரண்டம் என்னும் பெயர் அத்தமிழ்ச் சொல்லினின்றே பிறந்தது. உலகத்துக்குக் கூர்தீட்டும் பொருளின் பெயரை ஈந்த மொழி பேசுவோர், தம் கொல்லனின் சொற்களைத் தொகுத்து வையாதது வியப்பே.

உருக்குத் தீர்ந்த கோடரியே கொல்லனின் திறத்தைச் சோதிப்பது. அதற்கு வாய் வைத்தல் வேண்டும். கம்மாலைக்குள் சிரட்டைக்கரியோ மரக்கரியோ எரியும். தேய்ந்த வாயைச் சிவக்கக் காய்ச்சி நடுவே பிளப்பான். வில்தகட்டிலிருந்து வெட்டி ஆப்புப்போல் வடித்த உருக்குத் துண்டை அப்பிளவிற் செருகி இறுக்குவான். மீண்டும் உலையிலிட்டு, பொருத்தில் நுண்மணல் தூவி, துருத்தியை விரைவுபடுத்துவான். மணல் உருகி இரும்பின்மேற் படர்ந்த கிட்டத்தைக் கரைத்துக் கொண்டு வழியும். ஒட்டும் முகங்கள் அவ்வாறு தூய்மையாகாவிடின் எத்துணை அடித்தாலும் ஒட்டா. இரும்பு வெண்மஞ்சளாகி, பொறி ஒன்றிரண்டு தெறிக்குங் கணமே உரிய காலம். அக்கணத்திற்கு முன் எடுத்தால் ஒட்டாது. பின் எடுத்தால் உருக்கின் காபன் எரிந்து அது பயனற்றதாகும். குறட்டாற் பற்றிப் பட்டடையிலிட்டுச் சம்மட்டியடி தொடங்குவர். முதல் அடி மெல்லியதாகவும் அடுத்தவை வலியனவாகவும் இருக்கும். முதல் அடியே வலிதாயின் உருக்கு நழுவிவிடும்.

இத்தொழில் தமிழர்க்கோ இலங்கையர்க்கோ மட்டும் உரியதன்று. இடைக்கால இங்கிலாந்தின் பண்ணைக் கணக்குகளிற் கோடரிக்கும் கொழுவுக்கும் உருக்கு வைத்த கூலி கொல்லனுக்கு அளித்ததாகப் பதிவுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன. வடஅமெரிக்கக் காடுகளை அழித்த குடியேறிகளும் தேய்ந்த கோடரிக்கு ஊர்க் கொல்லனிடம் புது வாய் வைப்பித்தனர். உருக்கு அருமையாய் இருந்த நாடெல்லாம் இம்முறை இருந்தது. வேறுபாடு யாதெனின், அங்குக் கணக்கு எழுதி வைத்தனர். இங்குக் களத்தில் நெல் அளந்து கொடுத்ததோடு கணக்குத் தீர்ந்தது. ஏட்டில் ஏறாத ஊதியத்தை வரலாற்றாசிரியன் காண்பதில்லை.

வாய் வைத்து வடித்தபின் எஞ்சுவது தோய்ச்சல். இதுவே கொல்லனின் மறைபொருளாகக் கருதப்பட்டது. இக்காலப் பௌதிகம் அதனை விளக்கிவிட்டது. கொல்லனின் கண்ணை அது தேவையற்றதாக்கவில்லை. உருக்கு 727 பாகை சதமத்துக்கு மேற் காயும்போது அதன் உள்ளமைப்பு மாறும். அந்நிலையில் நீரில் அமிழ்த்தி விரைவிற் குளிர்வித்தால் மிக வன்மையும் அதனோடு மிக நொறுங்குந் தன்மையும் பெறும். அவ்வாறே விட்டால் முதல் வெட்டிலேயே வாய் உடையும். ஆதலின் மறுபடியும் சிறிது சூடேற்றி நொறுங்குந் தன்மையைத் தணிக்க வேண்டும். ஊர்க் கொல்லன் இவ்விரண்டையும் ஒரே சூட்டில் முடிப்பான். சிவந்த கோடரியின் வாயை மட்டும் இரண்டு விரற்கிடை நீரில் அமிழ்த்தி எடுப்பான். உடல் இன்னுங் கனன்றுகொண்டிருக்கும். வாயைக் கல்லால் விரைந்து தேய்த்து வெள்ளையாக்கி உற்று நோக்குவான். உடலின் சூடு வாயை நோக்கிப் பரவ, வெள்ளை இரும்பின்மேல் முதலில் வைக்கோல் நிறம், அடுத்துக் கபிலம், அதன்பின் ஊதா, இறுதியில் நீலம் என நிறங்கள் நகர்ந்து வரும். வைக்கோல் நிறம் ஏறத்தாழ 230 பாகையிலும் நீலம் ஏறத்தாழ 300 பாகையிலும் தோன்றும். கத்திக்கு வைக்கோல் நிறம் பொருந்தும். அடிபடுங் கோடரிக்கு ஊதா நீலமாகத் தொடங்கும் எல்லை பொருந்தும். அவ்வெல்லை விளிம்பை அடைந்ததும் முழுவதையும் நீரில் இடுவான். நிறம் ஓடுங் காலம் சில நொடிகளே. கம்மாலை ஏன் எப்போதும் இருண்டிருக்கின்றது என்று வினவும் மாணவர்க்கு விடை இதுவே: வெயிலில் இரும்பின் சூட்டுநிறத்தை அளந்தறிய முடியாது.

யாழ் என்னும் மறைந்த கருவியை மீட்கக் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1947இல் யாழ் நூலைத் தந்தார். சுருதியைக் கணக்கிட்டு இசையை மீட்டல் கூடும் என அந்நூல் காட்டிற்று. கம்மாலையின் நிறக்கணக்கையும் அடிக்கணக்கையும் அவ்வாறு எழுதி வைத்தோர் இல்லை. கொல்லர் எழுதவில்லை, கற்றோர் கேட்கவில்லை. 1962இல் எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், 1964இல் வித்துவான் வி. சீ. கந்தையா அவர்கள் எழுதிய மட்டக்களப்புத் தமிழகமும் இந்நாட்டின் குடிமரபையும் வழிபாட்டையும் வாழ்வியலையும் அழியாது காத்த நூல்கள். அவற்றை ஒத்ததொரு நூல் கைத்தொழிலுக்கு அமையாதது பெருங் குறை.

படுவான்கரையின் வேளாண்மை விரிந்த காலமெல்லாம் கோடரியின் காலமே. ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர் ஆட்சியின் இறுதிக் கூற்றில் ஈண்டு தலைமை அலுவலராயிருந்த யாக்கோபு பேர்ணாந்து நெல்வேளாண்மையை விரிவுபடுத்த முயன்றவர். 1794இல் தம் அனுபவத்தை அறிக்கையாக விட்டுச் சென்றார். நெல்லின் அளவை ஆட்சியாளர் எழுதினர். அந்நெல் விளைந்த வட்டைகளின் மரங்களை வீழ்த்திய கருவி எங்கே வாய் வைக்கப்பட்டது என்பது அவர்க்கு வேண்டாத செய்தி. சேனை வெட்டுவோர் கோடையில் மரம் வெட்டி, காயவிட்டு, மாரிக்கு முன் எரிப்பர். ஆதலின் உலைக்கு நெருக்கடியான காலம் கோடையின் தொடக்கம். அதனை அடுத்து மாரி விதைப்புக்கு முன் கொழுவும் மண்வெட்டியும் வந்து குவியும். காம்புக்கு விண்ணாங்கு விரும்பப்பட்டது. அது வளையும், எளிதில் முறியாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் மண்வாரி எந்திரங்கள் காட்டை வேரோடு பெயர்த்தபின் பெருங்காடு அழிக்குந் தொழில் கோடரியின் கையை விட்டு நீங்கிற்று. அந்நீக்கத்திற்காக வருந்துவோர் காட்டின் பொருட்டு வருந்துதல் தகும்.

எனினும் கம்மாலைக்கு மீண்டும் மீண்டும் வேலை வந்தது. 1970 முதல் 1977 வரை நாட்டின் இறக்குமதி இறுக்கப்பட்டபோது புதுக் கருவி வாங்குதல் அரிதாயிற்று; பழையதைப் புதுக்குதல் பெருகிற்று. 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னந் தோப்புகளைப் படுக்க வைத்தது. வழியை மறித்த மரங்களையும் வீட்டின்மேல் விழுந்த மரங்களையும் வெட்டி அகற்றுதற்கு வீட்டில் இருந்த கோடரியே உதவிற்று. தென்னையின் புறவயிரம் பார்வைக்கு மென்மையாயினும் கூரை விரைவில் தின்றுவிடும். பின்னர்ப் போர்க்காலம் வந்தது. 2007 வரை படுவான்கரைக்குப் பொருள்கள் பலவற்றைக் கொண்டு செல்லுதல் தடைப்பட்டும் கட்டுப்பட்டும் இருந்தது. இடம்பெயர்ந்தோர் எடுத்துச் சென்ற சில பொருள்களுள் கத்தியும் கோடரியும் அடங்கும். எங்குச் சென்றாலும் குடில் அமைக்க அவை வேண்டும்.

இக்காலத்தில் மின்னாற் சுழலும் அரைவட்டு ஊர்தோறும் புகுந்துவிட்டது. தேய்ந்த வாயைச் சில நிமிடங்களில் அது பளபளக்கச் செய்யும். அதனாற் கோடரி கூராகிவிட்டதென மகிழ்வோர், விளிம்பில் ஓடிய நீலத்தைக் கவனிப்பதில்லை. அந்நீலமே கொல்லன் பார்த்து நிறுத்திய எல்லை. வட்டின் உராய்வுச் சூடு மெல்லிய விளிம்பில் அவ்வெல்லையைத் தாண்டிச் சென்றால் தோய்ச்சல் அழியும். கோடரி அன்று வெட்டும், மறுநாள் மடியும். மடிந்ததை மீண்டும் வட்டில் வைப்பர். இவ்வாறு இருபது ஆண்டு உழைக்க வேண்டிய உருக்கு ஓராண்டிற் பொறியாகப் பறந்துவிடும். அரம் மெதுவானது, மெதுவாயிருத்தலே அதன் சிறப்பு. கையால் அராவும்போது இரும்பு வெதுவெதுப்பதன்றிக் காய்வதில்லை. வட்டினையே பயன்படுத்த வேண்டின் நொடிக்கொரு முறை நீரில் தோய்த்து, விரலாற் சூடு பார்த்துச் செய்தல் வேண்டும்.

இவ்விடத்திற் பழம்பொருள் ஆராய்ச்சிக்கு ஒரு செய்தி சொல்லவேண்டும். அருங்காட்சியகங்களிற் குறுகிய உடலும் அகன்ற வாயுமுடைய பழங் கோடரிகளைக் காண்போர் அவற்றைத் தனியொரு வகை எனப் பிரித்து, அவ்வகைக்கு ஒரு காலமுங் கற்பிப்பர். அவற்றுட் சில நீண்ட கோடரிகளாகப் பிறந்து தீட்டித் தீட்டிக் குறுகியவை ஆதல் கூடும். கற்கருவி ஆராய்வோர் இவ்வுண்மையை உணர்ந்து, கருவியின் வடிவம் அது பிறந்தபோது பெற்றதா உழைத்தபோது பெற்றதா என்று முதலில் வினவுகின்றனர். இரும்பு ஆராய்ச்சியும் அவ்வினாவைக் கைக்கொள்ளவேண்டும். வாயில் ஒட்டு உண்டா, உருக்கு எஞ்சியுள்ளதா, எம்முனை தேய்ந்தது என்னும் மூன்றையும் குறியாது நீளம் அகலம் மட்டும் எழுதிய பட்டியல் அரைப்பட்டியலே.

அதனால் வாய் திருத்தலிலும் வேறுபாடு அறிதல் வேண்டும். பாட்டன் உழைத்துத் தந்தை உழைத்து வீட்டிற் கிடக்குங் கோடரியை அராவிக் கூராக்குதல் அதற்குச் செய்யும் மரியாதை. நிலத்துள் புதைந்து நூற்றாண்டு பல கழித்து வயல் உழும்போதோ கிணறு தோண்டும்போதோ வெளிப்படுங் கோடரியை அவ்வாறு செய்தல் பெருந்தவறு. அதன் துருவினுள்ளேதான் பழைய வாயின் உருவமும் தேய்வின் தடமும் ஒட்டின் கோடும் அடங்கியிருக்கும். அரம் ஒரு முறை ஓடினால் அவை மீளா. ஐயூர் மூலங்கிழார் கூறிய நீரினும் மீளா. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இத்தகைய கண்டெடுப்புகளை அறிவிக்குங் கடமையை விதிக்கின்றது. கதிரவெளிச் சின்னங்கள் உள்ள மாவட்டத்தில் இத்தகைய இரும்பு வெளிப்படுதல் அருமையன்று. பள்ளிச் சிறுவர் அதனைக் கொண்டு வந்தால் ஆசிரியர் அதனைத் துடைக்கவும் கூடாது. கண்டெடுத்த இடத்தையும் ஆழத்தையும் எழுதி வைத்தல் வேண்டும்.

வீட்டுக் கோடரிக்கு முடிவு வேறு. இரண்டு மூன்று முறை வாய் வைத்தபின் உடல் துளையை நெருங்கும். அதற்குமேற் பிளந்து உருக்குச் செருக இடமிராது. அப்போது கொல்லன் துளைப்பக்கத்தை அடித்து மூடி, எஞ்சிய கட்டியை ஆப்பாக வடித்துக் கொடுப்பான். மரத்தை வெட்டிய இரும்பு அதன்பின் விறகைப் பிளக்கும். அவ்வாப்பின் தலையும் அடியுண்டு விரிந்து சிதைந்தபின் மீண்டும் உலைக்கே வரும். தட்டிச் சேர்த்து, வேறொரு கோடரியின் கன்னத்துக்கோ வண்டியின் கடையாணிக்கோ அது போகும்.